பதினொரு குழந்தைகளும் ஒரு பங்கு விலையும்

மகேஷ்குமார் எழுதும் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த பங்குத் தரகு அலுவலகத்தில் ஆறு வருடமாக அவன்தான் ஆராய்ச்சிப் பிரிவு. பிரிவு என்று பெயரே தவிர, ஆள் அவன் ஒருவன். வாரத்துக்கு இரண்டு அறிக்கை எழுதி வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழுவில் போடுவான். எழுநூறு பேர் இருந்த அந்தக் குழுவில் மூன்று கட்டைவிரல் வரும். அதில் ஒன்று முதலாளி ஞானசிகாமணியுடையது. அவரும் படித்துவிட்டுப் போடுவதில்லை.

ஞானசிகாமணி நாகர்கோவில் பக்கத்திலிருந்து முப்பது வருடத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சந்தை ஏறினால் அலுவலகத்துக்கே பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தருவார். இறங்கினாலும் வாங்கித் தருவார், துக்கத்துக்கு.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. தடுப்பூசி விழிப்புணர்வு மசோதா சட்டசபையில் தாக்கல். பத்து நிமிடத்துக்குள் நெய்தல் பயோடெக் என்ற சின்ன மருந்துக் கம்பெனியின் பங்கு ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு ஒரு நாளில் ஏறக்கூடிய எல்லையைத் தொட்டு அங்கேயே நின்றது. வாங்க ஆயிரம் பேர், விற்க ஒருவரும் இல்லை.

"டே மகேசு! அப்பர் சர்க்யூட்டு டே!" ஞானசிகாமணி தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "கேரளா முழுக்க ஊசி! ஊசி செய்யுறவன் யாரு? நெய்தல்! நீ ஒரு ரிப்போர்ட் எழுது. எவ்வளவு டோஸ் கூடும், எவ்வளவு லாபம் கூடும்னு."

"சார், மசோதாவ இன்னும் படிக்கல. படிச்சிட்டு எழுதறேன்."

"படிச்சிட்டே இரு. அதுக்குள்ள சவத்துப் பங்கு டபுளாயிரும்."

அவர் காத்திருக்கவில்லை. ஏறுகிற கோட்டின் படத்தை வைத்து, கீழே தானே தட்டச்சு செய்து குழுவில் போட்டுவிட்டார்: 'கேரளத்தில் தடுப்பூசிச் சட்டம்! ஊசி குழந்தைக்கு, லாபம் நமக்கு. நெய்தல் பயோடெக் வாங்குங்கள்.' அலுவலகப் பெயரும் தொலைபேசி எண்ணும் அடியில் இருந்தன. நானூறு கட்டைவிரல்கள் வந்தன. ஒரு வாடிக்கையாளர் ஆடுகிற பொம்மை அனுப்பினார்.

செவ்வாயும் புதனும் அதே கதை. காலையில் சந்தை திறக்கும், பங்கு எல்லையைத் தொடும், அலுவலகம் கைதட்டும். ஞானசிகாமணி தானும் ஆயிரம் பங்கு வாங்கினார். மகேஷ் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் இருந்த பதினான்கு பக்க மசோதாவை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். அதில் யாரும் ஒரு ஊசிகூட வாங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்டிலும் வருடத்துக்கு நாலு கூட்டம் போட வேண்டும், தடுப்பூசி பற்றி ஜனங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், சுகாதாரத் துறைக்குத் தெரியாத கேள்வியானால் தெரிந்த ஆளைக் கூட்டி வர வேண்டும். அவ்வளவுதான். பேசச் சொல்கிற சட்டம்.

வியாழக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் ஒரு பெண் தடதடவென்று ஏறி வந்தாள். முதுகில் பை, கையில் ஹெல்மெட், வெயிலில் சிவந்த முகம். வரவேற்பு மேஜையைத் தாண்டி நேராக நடு ஹாலில் வந்து நின்று தன் போனைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த மெசேஜ் போட்ட ஆளு யாரு?"

ஹாலில் இருந்த எல்லோரும் மகேஷைப் பார்த்தார்கள். ஆராய்ச்சி சம்பந்தமான புகார்கள் அவன் மேஜைக்குத்தான் வரும்.

அவள் பெயர் இசக்கிசெல்வி. விதுரா பக்கத்தில் சுகாதார நர்ஸ். கல்லாறு என்ற மலையடிவாரக் கிராமமும் அவள் பொறுப்பில் இருந்தது. அப்பா திருநெல்வேலியிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். இதெல்லாம் மகேஷுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவள் கோபமாக இருந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு கோபமாக இருந்தாள், அது அவளுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

போனில் ஞானசிகாமணியின் செய்தி அப்படியே இருந்தது. மேலே யாரோ மலையாளத்தில் சிவப்பு எழுத்தில் சேர்த்திருந்தார்கள்: 'கண்டீர்களா? சட்டம் யாருக்காக என்று இப்போது புரிகிறதா? பகிருங்கள்.'

"என் ஏரியாவுல பதினொரு பிள்ளைங்க ஊசி போடாம பாக்கி," என்றாள் செல்வி. "ரெண்டு மாசமா வீடு வீடா நடந்து ஆறு அம்மாமார சம்மதிக்க வச்சேன். நேத்து புதன்கிழமை, ஊசி போடுற நாள். ஒருத்தரும் வரல்ல. போன் பண்ணா இந்தப் படத்த அனுப்புறாங்க. ஊசி குழந்தைக்கு, லாபம் நமக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அறைக்குள்ளிருந்து ஞானசிகாமணி வெளியே வந்தார். "அது என் குரூப்புக்குப் போட்டது மோளே. கல்லாறு வரைக்கும் எப்படிப் போச்சு?"

"ஊசிதான் சார் மெதுவாப் போகும். மெசேஜ் பறந்துதானே போகும்?"

அவர் தன் போனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்துப் பார்த்தார்.

மகேஷ் நாற்காலியிலிருந்து எழுந்தான். "மேடம், அந்த மெசேஜ் தப்பு. சட்டத்தால அந்தக் கம்பெனிக்கு ஒண்ணும் கூடப்போறதில்ல. நான் பாத்தேன்."

"அப்படீன்னா வந்து சொல்லுங்க."

"எங்க?"

"கல்லாத்துல. ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சிருக்கேன். சட்டத்துல இருக்கு அல்லே, எனக்குத் தெரியாத கேள்வின்னா தெரிஞ்ச ஆளக் கூட்டி வரணும்னு? எனக்கு ஷேர் மார்க்கெட் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"சட்டம் இன்னும் பாஸ் ஆகலியே."

"பாஸ் ஆகறதுக்குள்ள பங்கு ஏறலாம், நீங்க பஸ் ஏறக் கூடாதா?"

ஹாலில் யாரோ சிரித்துவிட்டார்கள். மகேஷும் சிரித்தான். தான் ஏன் தலையாட்டினான் என்று அவனுக்கே புரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் அவன். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தபோது 'எல்லோரும் சாப்பிட்டுப் போங்கள்' என்று மட்டும் சொல்லி இறங்கியவன்.

அன்று மாலை ஞானசிகாமணி அவனை அறைக்குக் கூப்பிட்டார். "நெசமாவே ஒண்ணும் கூடாதா டே?"

மகேஷ் கணக்கை விரித்தான். மாநிலத்தில் ஊசி விட்டுப்போன குழந்தைகள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றாலும், அது நெய்தலின் தொழிற்சாலைக்கு நாலு நாள் வேலை. அந்த மருந்தையும் மத்திய அரசு டெண்டரில் மொத்தமாக வாங்குகிறது. விலை இரண்டு வருடத்துக்கு முன்பே முடிவானது. அதில் கம்பெனிக்கு நிற்பது சொற்பம்.

"அப்ப எதுக்கு ஏறுது?"

"நம்மள மாதிரி ஆளுங்க வாங்கறதால சார்."

ஞானசிகாமணி நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானும் வாறேன்," என்றார். "எழுதுனது நான். உன்னை மட்டும் அனுப்புனா நல்லாருக்காது."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய காரில் நெடுமங்காடு வழியாகப் போனார்கள். விதுரா தாண்டியதும் காற்று குளிர்ந்தது. கல்லாறு பாலத்துக்குப் பக்கத்தில் சுடலைமாடத்தியின் சாயாக்கடை முன்னால்தான் கூட்டம். பொன்முடி மலைக்குப் போகிற சுற்றுலாக் கார்கள் அங்கே நிற்கும். அன்று காலை அவற்றுக்கும் இடமில்லை. கட்டட வேலைக்காரர்கள், தோட்ட வேலைக்காரர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் என்று நாற்பது ஐம்பது பேர் பெஞ்சிலும் கல்லிலும் உட்கார்ந்திருந்தார்கள். செல்விக்கு உதவியாக ஜினு என்ற ஆஷா கிராமச் சுகாதார ஊழியர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி காரிலிருந்து இரண்டு பெரிய பொட்டலம் பழம்பொரியோடு இறங்கினார். கூட்டத்தின் பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தீரவில்லை.

செல்வி மைக்கைத் தட்டினாள். அது ஒருமுறை ஊளையிட்டுவிட்டுச் செத்துப்போனது. "பரவாயில்ல, சத்தமாப் பேசுங்க," என்று மகேஷை முன்னால் தள்ளினாள்.

"வணக்கம்," என்றான். ஆற்றுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பின் பெஞ்சிலிருந்து வன்னியராஜ் எழுந்தான். கான்கிரீட் வேலை செய்கிறவன், சுடலைமாடத்தியின் புருஷன். அவர்களுடைய ஒரு வயதுப் பெண்குழந்தையும் அந்தப் பதினொன்றில் ஒன்று. "சார், நேரா ஒண்ணு கேக்கேன். நீங்க அந்தக் கம்பெனி பங்கு வச்சிருக்கீகளா?"

"எங்கிட்ட இல்ல," என்றான் மகேஷ்.

"நான் வச்சிருக்கேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஞானசிகாமணி கையைத் தூக்கியிருந்தார். பழம்பொரி எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. "ஆயிரம் பங்கு. அந்த மெசேஜும் நான் போட்டதுதான். படிக்காமப் போட்டேன். தப்பு."

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. தப்பு என்று ஒரு கார்க்காரர் வந்து சொல்வதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சாயா ஆற்றிக்கொண்டிருந்த சுடலைமாடத்தி கையை நிறுத்தினாள். "அது கெடக்கட்டும். எம்புள்ளைக்கு ஒரு ஊசி போட்டா அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நிக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

இது மகேஷுக்குப் பதில் தெரிந்த கேள்வி. ஆறு வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று அவன் காத்திருந்த மாதிரிக் கேள்வி. அவள் மேஜையிலிருந்த காலி சாயா கிளாஸ்களை எடுத்து வரிசையாக வைத்தான். இது மருந்துச் செலவு, இது குப்பி, இது ஐஸ் பெட்டி, இது லாரி, இது அரசாங்கம் பேரம் பேசிக் குறைத்தது என்று நிறைந்த ஒரு கிளாஸிலிருந்து ஒவ்வொன்றிலும் ஊற்றிக்கொண்டே போனான். கடைசியில் அந்தக் கிளாஸின் அடியில் ஒரு விரற்கடை சாயா மிஞ்சியது.

"இவ்வளவுதான் அம்மா. ஒரு சாயா விலைகூட இல்ல."

சுடலைமாடத்தி குனிந்து கிளாஸைப் பார்த்தாள். "ஐயோ பாவம். எம்புள்ளைய அழவச்சும் அந்த மொதலாளிக்கு ஒரு சாயா குடிக்க வழியில்லையா?"

முதலில் ஜினுதான் சிரித்தார். பிறகு பெஞ்சுகள், பிறகு கல்லில் இருந்தவர்கள், பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கக் காரை நிறுத்திய சுற்றுலாக்காரர்கள். ஞானசிகாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகேஷுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐம்பது பேர், அவன் சொன்ன ஒரு கணக்குக்கு! கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பங்கு என்றால் என்ன, ஏன் ஏறுகிறது, அது ஏறினால் ஊசி விலை ஏறுமா, இறங்கினால் ஊசி கெட்டுப்போகுமா. எல்லாவற்றுக்கும் சொன்னான். கையை ஆட்டிச் சொன்னான். ஒரு கட்டத்தில் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான், எப்போது ஏறினான் என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் செல்வி சுடலைமாடத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, கம்பெனி கதை தீந்துச்சு. இப்ப நெசத்தச் சொல்லுங்க. ஏன் கூட்டிட்டு வரல்ல?"

சுடலைமாடத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிச்சுது. எங்களுக்கு ஒண்ணும் தெரியல. செத்துருவாளோன்னு இவுக தோள்ல போட்டுக்கிட்டு நெடுமங்காடு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாக. ரெண்டு நா வேலைக்குப் போவல. கடையும் தொறக்கல. டாக்டரு, இது சாதாரணம், தானாப் போயிரும்னு சொல்லிட்டாரு. சாதாரணம்னா அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

வேறு நாலு பெண்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதேதான் நடந்திருந்தது.

"சொல்லியிருக்கணும்," என்றாள் செல்வி. "அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் அவசரத்துல சொல்லாம விட்டிருப்பேன். என் தப்பு அக்கா." பிறகு எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எந்த ஊசிக்குக் காய்ச்சல் வரும், எத்தனை நாள் இருக்கும், எந்த மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்படி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, எப்படி இருந்தால் ஓடி வர வேண்டும். தன் போன் எண்ணைச் சாயாக்கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினாள். "எந்த நேரமும் கூப்பிடுங்க. எடுக்கலேன்னா என் வீட்டுக்கு வந்து கதவத் தட்டுங்க."

மகேஷ் பெஞ்சிலிருந்து இறங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே அதைச் சரிசெய்யத் தொடங்குகிற ஒருத்தியை அவன் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். ஞானசிகாமணி இரண்டு முறை ரோட்டைவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இவ்வளவு பேச்சு வருமா டே? ஆறு வருஷமா எங்க வச்சிருந்த?"

அன்று மாலையே அறிக்கையை எழுதி முடித்தான். திங்கள் காலை எட்டு மணிக்கு, சந்தை திறப்பதற்கு முன்னால், ஞானசிகாமணி அதைக் குழுவில் போட்டார். மேலே தன் கைப்பட இரண்டு வரி சேர்த்தார்: 'போன வாரம் நான் எழுதினது தப்பு. இந்தச் சட்டம் குழந்தைகளுக்கு நல்லது, நெய்தலின் லாபத்துக்கு ஒன்றும் செய்யாது. முழுசாப் படியுங்கள்.'

படித்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'இந்த மகேஷ்குமார் யாரு, புதுசாச் சேர்ந்த ஆளா?' என்று பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். பாதிப் பேர் அன்றே விற்றார்கள். பைத்தியம் பிடித்த பங்கு திங்களன்றும் ஏறியது, அதனால் விற்றவர்களுக்கெல்லாம் நல்ல விலை. 'நீங்க விக்கலியா சார்?' என்று மகேஷ் கேட்டதற்கு, 'ஏறச் சொன்னவன் நான், எல்லாரும் எறங்கின பிறகு எறங்குறேன்' என்றார் ஞானசிகாமணி. செவ்வாயன்று மசோதா நிறைவேறியது. டிவிக்காரர்கள் அதைப் படித்துப் பார்த்து, கொள்முதல் பற்றி ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். பங்கு விழுந்து, இறங்கக்கூடிய எல்லையில் பூட்டிக்கொண்டது. இப்போது விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. அந்த ஆயிரத்தில் முதலாளியும் ஒருவர்.

"பாத்தியாடே," என்று திரையைக் காட்டிச் சிரித்தார். "கதவச் சாத்திட்டானுவ. நான் மட்டும் உள்ள." உண்மையாகவே சிரித்தார். வாடிக்கையாளர்கள் அவரைப் பெரிய ஞானி என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள், அந்தச் சந்தோஷம் அவருக்கு ஆயிரம் பங்கைவிடப் பெரிதாக இருந்தது.

புதன்கிழமை மகேஷ் லீவு கேட்டான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "போய்ட்டு வா," என்றார், "பாத்துப் பேசு, தொறந்த வாய் அங்க போய் மூடிரப் போகுது."

துணைச் சுகாதார நிலையம் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. வாசலில் சுடலைமாடத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை அவனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, இவனும் ஊசிக்காரனோ என்று யோசித்து, மறுபடி தொடங்கியது.

"கடைய எங்க வீட்டுக்காரவுக பாத்துக்கிடுதாக," என்றாள் அவள். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும்னு நான் தயாரா இருக்கேன். வரலன்னாதான் சிஸ்டர்கிட்டச் சண்டை."

உள்ளே ஜினு ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். பதினொரு குழந்தைகளில் பத்துப்பேர் வந்துவிட்டார்கள். பதினொன்றாவது குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் வருவதாக அப்பா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதோடு பக்கத்து வார்டிலிருந்து யாரும் கூப்பிடாமலே ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாயாக்கடைக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள்.

செல்வி கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். முடி கலைந்து, தோளில் யாரோ ஒரு பிள்ளை வாந்தியெடுத்த கறையோடு, வாசலில் நின்றவனைப் பார்த்தாள்.

"பதினஞ்சு!" என்றாள். அவள் குரல் கீச்சென்று எழும்பியது. "ஒரே நாள்ல பதினஞ்சு! இங்க வேலைக்குச் சேந்ததுக்கு அப்புறம் இப்படி ஆனதே இல்ல!" இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜினுவும் சேர்ந்து சுற்றினார். ஊசி போட்ட ஒரு பையன் அழுவதை மறந்து பார்த்தான்.

சுற்றி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "சட்டப்படி அடுத்த மீட்டிங் மூணு மாசம் கழிச்சு. வருவீங்க அல்லே?"

மகேஷ் பஸ்ஸில் வரும்போது ஒரு பதிலைத் தயாரித்து, வீடு இருந்த கரமனையிலிருந்து கல்லாறு வரை மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்திருந்தான். அது மொத்தமும் மறந்துபோயிருந்தது.

"மூணு மாசமெல்லாம் என்னால முடியாது," என்றான். "ஞாயித்துக்கிழமை வரட்டுமா? மீட்டிங் இல்லாம. சும்மா. உங்களப் பாக்க."

சொல்லிவிட்டுத் தன் காது சூடாவதை உணர்ந்தான். ஜினு பட்டியலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வாசலில் சுடலைமாடத்தி குழந்தையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

செல்வி குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியைத் தேடினாள். கோபமில்லாமல் அவள் முகம் சிவந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"காலையில வந்தா வீட்டுல அப்பா இருப்பாங்க," என்றாள். "அவங்களுக்கும் நிறைய சந்தேகம் உண்டு. எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்ப வாங்க."

கடைசி ஐஸ் பெட்டியை மூடி ஜினு கையில் கொடுத்துவிட்டு, அவள் மறுபடியும் சிரித்தாள்.